வசூல் முகவர் வரும் முன்பே சரியும் மதிப்பெண்: கல்விக் கடன் நிலுவையில் நடப்பது என்ன?

ஆலுவா: கடன் தவணை நின்றுபோய், வங்கி அனுப்பிய வசூல் முகவர் வீட்டுக் கதவைத் தட்டும் நாளில்தான் கடன் மதிப்பெண் சரிகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே மதிப்பெண் சரியத் தொடங்கியிருக்கும். முகவரின் வருகையால் மதிப்பெண்ணில் புதிதாக எதுவும் குறைவதில்லை. அவரைத் திருப்பி அனுப்பிவிடுவதால் எதுவும் கூடுவதும் இல்லை. கடன் கொடுத்த நிறுவனம் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பும் பதிவே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது.

அந்தப் பதிவு ஒருவரின் படிப்பையே நிறுத்திவிடக் கூடும் என்பதற்கு, கேரள உயர் நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் விசாரித்த வழக்கு ஓர் எடுத்துக்காட்டு. மாணவர் ஒருவர் கல்விக் கடன் கேட்டு பாரத ஸ்டேட் வங்கிக்கு விண்ணப்பித்திருந்தார். அவர் பெயரில் ஏற்கெனவே இரண்டு கடன்கள் இருந்தன. ஒன்றில் 16,667 ரூபாய் நிலுவை. மற்றொன்றை, கடன் கொடுத்த நிறுவனம் தன் கணக்கிலிருந்து நீக்கியிருந்தது. இவற்றால் அவருடைய சிபில் மதிப்பெண் தாழ்ந்திருந்தது. புதிய கடனுக்கான விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் வேலைவாய்ப்பு உறுதியாகியுள்ளதால் கடனை அடைத்துவிட முடியும் என்று அவர் தரப்பில் வாதிடப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்துக்கும் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளுக்கும் மாறாகச் செயல்பட இயலாது என்பது வங்கித் தரப்பின் பதில்.

நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன், கல்விக் கடன் விண்ணப்பங்களை மனிதாபிமானத்தோடு அணுக வேண்டும் என்றும், மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மாணவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்றும் கூறி, 4,07,200 ரூபாயைக் கல்லூரிக்குச் செலுத்துமாறு இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். பெற்றோரின் மதிப்பெண் திருப்தியாக இல்லை என்பதற்காக மாணவருக்குக் கடன் மறுக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் 2020-இல் அளித்த தீர்ப்பும் இவ்வழக்கில் துணையாகக் கொள்ளப்பட்டது.

இந்த உத்தரவால் மாணவருக்குக் கல்லூரிக் கட்டணம் கிடைத்தது. ஆனால் கடன் அறிக்கையில் இருந்த இரண்டு பதிவுகளையும் நீக்குமாறு அதில் கூறப்படவில்லை. கல்விக் கடன் அல்லாத வேறு கடன்களுக்கு இந்த அணுகுமுறை அப்படியே பொருந்திவிடாது.

நிலுவையின் முதல் 90 நாள்கள்

கடன் மதிப்பெண் என்பது 300 முதல் 900 வரையிலான ஓர் எண். இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. இவற்றுள் சிபில் மூத்தது என்பதால், எந்த நிறுவனத்தின் மதிப்பெண்ணையும் 'சிபில்' என்றே அழைக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது.

1945 முதல் ஃபெடரல் வங்கியின் தலைமையகம் அமைந்துள்ள ஆலுவா, வங்கிகளுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஒரு வங்கியில் கடன் நின்றுபோனால் அடுத்த தெருவிலுள்ள இன்னொரு வங்கியை நாடலாம் என்ற வழி முற்காலத்தில் ஓரளவு இருந்திருக்கலாம். இப்போது எல்லா வங்கிகளும் ஒரே அறிக்கையைத்தான் பார்க்கின்றன.

ஆலுவாவில் வசிக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். மகள் பெங்களூரில் நர்சிங் படிக்க 4 லட்சம் ரூபாய் கல்விக் கடன் பெறப்பட்டது. 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் தந்தை இணைக் கடனாளியாகக் கையொப்பமிட்டுள்ளார். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் தவணை தொடங்குகிறது. மகளுக்கு வேலை கிடைக்கத் தாமதமாகிறது. மார்ச் மாதம் தானியங்கிப் பற்று முறையில் எடுக்கப்பட வேண்டிய 7,000 ரூபாய், வங்கிக் கணக்கில் இருப்பு இல்லாததால் திரும்பிவிடுகிறது.

இந்த ஒரு தவணை தவறிய செய்தி வங்கியை விட்டு வெளியே செல்ல முன்பு ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். 2025 ஜனவரி 1 முதல், மாதத்தின் 15-ஆம் தேதி நிலவரத்தையும் மாத இறுதி நிலவரத்தையும் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒவ்வொன்றையும் அடுத்த 7 நாள்களுக்குள் அனுப்பிவிட வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்தது. ஆகவே மார்ச் 5-ஆம் தேதி தவறிய தவணை, அம்மாதம் 22-ஆம் தேதிக்குள் வெளியே சென்றுவிடும்.

அறிக்கையில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. தவணை எத்தனை நாள் தாமதம் என்ற எண் அதில் இடம்பெறும். முதல் மாதம் 30-க்குள், அடுத்து 60-க்குள், பிறகு 90. இதே காலத்தில் வங்கியும் தன் பேரேட்டில் அந்தக் கணக்கைச் சிறப்புக் கவனத்துக்குரிய கணக்காக 0, 1, 2 என மூன்று படிகளில் வகைப்படுத்துகிறது. 90 நாள்களைத் தாண்டினால் அது வாராக்கடன். கடந்த 36 மாதங்களின் கட்டங்கள் சிபில் அறிக்கையில் வரிசையாகக் காட்டப்படுகின்றன. ஒவ்வொரு தாமதத்துக்கும் இத்தனை புள்ளி குறையும் என்ற சூத்திரத்தை எந்த நிறுவனமும் வெளியிடுவதில்லை. எனவே அத்தகைய கணக்கைச் சமூக வலைதளங்களில் சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

இந்தக் குடும்பத்தில் சரிவது ஒருவருடைய மதிப்பெண் மட்டுமல்ல. இணைக் கடனாளியான தந்தையின் அறிக்கையிலும் அதே கட்டங்கள் அதே எண்களோடு பதிவாகின்றன. தந்தை வேறொரு வங்கியில் வீட்டுக் கடன் கேட்டுச் செல்லும்போதுதான் இது பெரும்பாலும் தெரியவருகிறது. தவணை தவறியதைக் கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவிக்கும்போது வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதும் இதற்காகவே. பழைய கைப்பேசி எண்ணே வங்கியில் பதிவாகியிருந்தால் அந்தச் செய்தியும் வந்து சேராது.

முகவர் யார்?

வாராக்கடன் ஆனபின்பு, சில சமயம் அதற்கு முன்பே, வங்கி வசூல் பொறுப்பை வெளி நிறுவனத்திடம் கொடுக்கிறது. இந்த முகவர் நிறுவனம் வங்கியின் சார்பில் பணம் கேட்கும் வேலையாள் மட்டுமே. கடன் இன்னும் வங்கியுடையதே. கடன் தகவல் நிறுவனத்துக்கு எதையும் அனுப்பும் அதிகாரம் முகவருக்குக் கிடையாது. "இன்று மாலைக்குள் பணம் கட்டாவிட்டால் சிபிலில் ஏற்றிவிடுவேன்" என்று முகவர் மிரட்டினால், அவரிடம் இல்லாத அதிகாரத்தைக் காட்டுகிறார் என்று பொருள். ஏற்ற வேண்டியதை வங்கி ஏற்கெனவே ஏற்றிவிட்டிருக்கும்.

முகவருக்கும் வரம்புகள் உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் நிலுவைத் தொகை கேட்டு அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி திட்டவட்டமாகக் கூறியது. எந்த நிறுவனத்திடம் வசூல் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்பதைக் கடனாளிக்கு வங்கி தெரிவிக்க வேண்டும் என்பதும், கடனாளியின் புகார் நிலுவையில் இருந்தால் அது தீரும்வரை பொதுவாக அந்தக் கணக்கை முகவரிடம் அனுப்பக் கூடாது என்பதும் 2008 முதலே உள்ள நெறிமுறைகள்.

இணையத்தில் தமிழில் உலவும் ஆலோசனைகள் பல அமெரிக்க நடைமுறையிலிருந்து பெயர்க்கப்பட்டவை என்பதால் இங்கு ஒரு குழப்பம் நிலவுகிறது. அமெரிக்காவில் வசூல் நிறுவனம் தன் பெயரிலேயே கடன் அறிக்கையில் தனிப் பதிவு செய்ய முடியும். முதன்முதலில் தவணை தவறிய காலத்திலிருந்து ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்கு அது நீடிக்கும். அங்கு மருத்துவமனைக் கட்டண நிலுவைகள் இவ்வாறு கோடிக்கணக்கானோரைப் பாதித்ததால், செலுத்தப்பட்டுவிட்ட மருத்துவ நிலுவைகளை 2022 ஜூலையிலும், 500 டாலருக்குக் குறைவானவற்றை 2023 ஏப்ரலிலும் மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்கள் தாமாகவே நீக்கின. வசூல் நிறுவனத்திடம் பேசி, பணம் கட்டினால் பதிவை அழிக்க வேண்டும் என ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கமும் அங்கு உண்டு. இந்தியாவில் முகவர் தன் பெயரில் எதையும் பதிவு செய்வதில்லை. ஆகவே அழித்துத் தருவதற்கும் அவரிடம் எதுவும் இல்லை. அவ்வாறு அழித்துத் தருவதாகக் கூறிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.

கடன் விற்கப்படும்போது

முகவரிடம் ஒப்படைப்பது வேறு, கடனையே விற்றுவிடுவது வேறு. 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் கீழ் உருவான சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்கள், வங்கிகளின் வாராக்கடன்களைக் குறைந்த விலைக்கு வாங்குகின்றன. இதற்குக் கடனாளியின் சம்மதம் தேவையில்லை. விற்கப்பட்ட பின் கடன் புதிய நிறுவனத்துக்குச் சொந்தம். அது என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், கடனாளி செலுத்த வேண்டிய தொகை குறைவதில்லை.

கேரளத்தில் இது பொதுவிவாதமாக வெடித்தது 2016-இல். அப்போது தனி வங்கியாக இருந்த ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், நிலுவையிலுள்ள கல்விக் கடன்களை ரிலையன்ஸ் குழுமத்தின் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்ற செய்தி வெளியானதும், மாணவர்களும் பெற்றோரும் அரசியல் கட்சிகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பொதுத்துறை வங்கியை நம்பிக் கையொப்பமிட்டவர்களுக்குத் தனியார் நிறுவனத்திடமிருந்து நோட்டீஸ் வந்தது. பாரத ஸ்டேட் வங்கியும் தமிழ்நாட்டுக் கல்விக் கடன்களை அதே நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. 2016 ஜூலையில் மதுரையில் பொறியியல் பட்டதாரி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வசூல் நெருக்கடியே காரணம் என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர்.

இதன் தொடர்ச்சியாகக் கேரள அரசு 2017-இல் 900 கோடி ரூபாய் மதிப்பில் கல்விக் கடன் திருப்பிச் செலுத்தும் உதவித் திட்டத்தை அறிவித்தது. வாராக்கடனாகிவிட்ட சிறு கல்விக் கடன்களில் 40 விழுக்காட்டைக் கடனாளி செலுத்தினால் மீதி 60 விழுக்காட்டை அரசு ஏற்பது அதன் ஒரு பகுதி. திருவாங்கூர் வங்கி அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது. அதனால், கடன் வாங்கிய வங்கியின் பெயர்ப்பலகையே மறைந்துபோன நிலையில், யாரிடம் கணக்கைத் தீர்ப்பது என்று பலர் தேட வேண்டியிருந்தது.

விற்கப்பட்ட கடன், அறிக்கையில் 'விற்கப்பட்ட கணக்கு' என்ற குறிப்போடு நிற்கும். வாங்கிய நிறுவனம் தொடர்ந்து தகவல் அளித்தால்தான் கடன் தீர்ந்ததும் அறிக்கையில் தெரியும். இந்தச் சங்கிலி இடையில் அறுந்துவிடும் நிலை நெடுங்காலம் இருந்தது. சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்கள் நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் உறுப்பினராகித் தகவல் அளிக்க வேண்டும் என்ற உத்தரவு 2024 அக்டோபரில்தான் வந்தது.

'தள்ளுபடி' என்ற சொல்

கடன் அறிக்கையில் மிகுதியும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது 'ரிட்டன் ஆஃப்' என்ற குறிப்பு. இதற்கு மொழியும் ஒரு காரணம். அரசு விவசாயிகளின் கடனை அறவே நீக்குவதையும், வங்கி தன் கணக்கு வசதிக்காக வாராக்கடனைப் பேரேட்டிலிருந்து அகற்றுவதையும் தமிழ்ச் செய்திகள் ஒரே சொல்லால், 'தள்ளுபடி' என்றே எழுதி வந்துள்ளன. மலையாளத்திலும் 'எழுதித்தள்ளல்' என்ற சொல் இரண்டுக்கும் வழங்குகிறது. முதலாவதில் கடனாளி விடுபடுகிறார். இரண்டாவதில் அவர் விடுபடுவதில்லை. வங்கி தன் இலாபத்திலிருந்து ஒதுக்கீடு செய்துவிட்டு, கிடைக்காது எனக் கருதும் தொகையைச் சொத்துக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. கடனைக் கேட்கும் உரிமையை அது விட்டுவிடவில்லை. இதனை ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று வெளியிட்ட நெறிமுறையிலும் தெளிவாகக் கூறியுள்ளது.

எனவே வங்கி தன் கடனை 'தள்ளுபடி' செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டு நிம்மதியடையும் ஒருவர், அறிக்கையில் இருக்கக்கூடிய மிக மோசமான குறிப்புகளுள் ஒன்றைப் பெற்றவர். உயர் நீதிமன்ற வழக்கின் மாணவருடைய இரண்டாவது கடன் இந்த வகையே.

இதற்கு அடுத்தபடியாகக் குழப்புவது 'செட்டில்டு'. முகவரோ வங்கியோ தொலைபேசியில் பேசி, 1 லட்சம் நிலுவைக்கு 60,000 கட்டினால் போதும் என்கிறார்கள். கடனாளி கடன்பட்டாவது அதைக் கட்டுகிறார். அழைப்புகள் நிற்கின்றன. ஆனால் அறிக்கையில் அந்தக் கணக்கு 'முடிக்கப்பட்டது' என்று பதிவாவதில்லை. 'சமரசத்தில் தீர்க்கப்பட்டது' என்ற பொருளில் 'செட்டில்டு' என்றே பதிவாகிறது. முழுத் தொகை வரவில்லை என்பதை அடுத்த வங்கி அதிலிருந்து அறிந்துகொள்ளும். மேற்சொன்ன 2023 நெறிமுறைப்படி, சமரசம் செய்துகொண்டவருக்கு அதே நிறுவனம் மீண்டும் கடன் தரக் குறைந்தது 12 மாதங்கள் காத்திருக்க வேண்டும். விவசாயக் கடன்களுக்கு இந்தக் கால அளவு வேறு.

இதனால் சமரசமே கூடாது என்று சொல்லிவிட முடியாது. முழுத் தொகையைக் கட்டவே இயலாத குடும்பத்துக்கு அது சரியான வழியாக இருக்கலாம். வீட்டுக் கடனோ மேற்படிப்புக் கடனோ இரண்டு மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் என்றால், குறைத்துக் கொடுக்கப்பட்ட அந்த 40,000 ரூபாயின் உண்மையான விலையைக் கணக்கிட வேண்டும். சமரசத்துக்குப் பின்னரும் மீதித் தொகையைச் செலுத்தி, குறிப்பை 'முடிக்கப்பட்டது' என மாற்றித் தருமாறு கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்பதற்குத் தடையில்லை. எந்த வகையில் தீர்த்தாலும், அறிக்கையில் என்ன குறிப்பு இடப்படும் என்பதை முன்கூட்டியே கடிதத்தில் பெறுவதும், நிலுவையின்மைச் சான்றைப் பாதுகாப்பதும் அவசியம்.

காலம் கடந்தால்?

மூன்றாண்டுகள் கடந்துவிட்டால் கடன் செல்லாது என்ற நம்பிக்கையும் உண்டு. காலவரையறைச் சட்டம், பொதுவாக மூன்றாண்டுகளுக்குப் பின் வழக்குத் தொடுக்கும் உரிமையை மறுக்கிறது. ஆயினும் இடையில் ஒரு சிறு தொகை செலுத்தினாலோ கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அக்காலம் புதிதாகத் தொடங்கும். கேரளத்தில் வங்கிக் கடன்களை வருவாய்த் துறை மூலம் ஜப்தி செய்து வசூலிக்கும் முறை இருப்பதால் இது முக்கியமான கேள்வி. காலங்கடந்த கடனை கேரள வருவாய் வசூல் சட்டத்தின் கீழ் வசூலிக்க முடியாது என்று 1999-இல் கல்யாணிக்குட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீதிமன்றத்தில் காலங்கடந்தது, கடன் அறிக்கையிலும் காலங்கடந்ததாகிவிடாது. கடன் தகவல் நிறுவனங்கள் தகவலைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதே இங்குள்ள விதி. அமெரிக்காவில் 7 ஆண்டு என்பது உச்சவரம்பு; இங்கு அது கீழ்வரம்பு.

பழைய பதிவு கடனைத் தாண்டி வேலையையும் தொடுகிறது. பாரத ஸ்டேட் வங்கியின் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரது நியமனம், பாதகமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி 2021-இல் ரத்து செய்யப்பட்டது. தம் கடன்கள் அடைக்கப்பட்டுவிட்டன என்பது அவருடைய வாதம். பொதுப் பணத்தைக் கையாளும் பணிக்கு நிதி ஒழுங்கு தேவை என்ற வங்கியின் நிலைப்பாட்டை ஏற்று, சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. கல்விக் கடன் விஷயத்தில் கேரள நீதிமன்றம் காட்டிய நெகிழ்வையும் இதனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தவறான பதிவு என்றால்

உண்மையான பதிவைப் பணம் கொடுத்து நீக்க முடியாது. தவறான பதிவைத் திருத்தக் கட்டணம் தேவையில்லை. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ளது. நான்கிலும் பெற்று ஒப்பிட்டால், அடைத்த கடன் இன்னும் நிலுவையாகத் தெரிகிறதா, விற்கப்பட்ட கடன் பழைய வங்கியின் பெயரிலும் புதிய நிறுவனத்தின் பெயரிலும் இரு நிலுவைகளாக நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டாவது பிழை ஏற்படும்போது, ஒரே கடனுக்கு இருமுறை பாதிப்பு ஏற்படுகிறது.

புகாரைக் கடன் தகவல் நிறுவனத்திடமோ கடன் கொடுத்த நிறுவனத்திடமோ அளிக்கலாம். 30 நாள்களுக்குள் தீர்வு காணப்பட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் உள்ளது. தகவல் கேட்கப்பட்ட 21 நாள்களுக்குள் வங்கி பதிலளிக்கவில்லையெனில் இழப்பீட்டை வங்கியும், வங்கி அளித்த பின்னரும் கடன் தகவல் நிறுவனம் திருத்தவில்லையெனில் அந்நிறுவனமும் செலுத்த வேண்டும். புகார் தீர்ந்த 5 வேலை நாள்களுக்குள் அத்தொகை வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும். தீர்வு கிடைக்காதவர்கள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கடன் தகவல் நிறுவனங்கள் மீதான புகார்களும் 2022 செப்டம்பர் 1 முதல் அவரது வரம்புக்குள் வந்துள்ளன. இது தொடர்பான விவரங்களை 14448 என்ற எண்ணில் கேட்டறியலாம்.